ஈயம் சொல்லும் வயசு

எங்க திண்டிவனம் பக்கம் குவாரிகளில் உடைக்கிற கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட். வயசு சுமார் 250 கோடி ஆண்டு. பழைய விழுப்புரம் மாவட்டத்து மாமண்டூரில் இந்த இனப் பாறைகளுக்கு நடுவே ஈயம், துத்தநாகம், செம்புத் தாது இருக்கு. அப்போ தாதுக்கும் அதே வயசா? அவசரப்படக் கூடாது.

பாறைக்கு வயசு சொல்வது சிர்கான் என்ற பொடிப் படிகம். அதற்குள் சிக்கிய யுரேனியம் மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. மிச்சத்தையும் விளைந்ததையும் அளந்தால் கணக்கு வந்துடும்.

ஈயத் தாதுவான கலீனாவில் யுரேனியம் அநேகமாகக் கிடையாது. பூமிக்குள் ஈயம்-206, 207 யுரேனியத்தால் கூடிக்கிட்டே வரும், 204 கூடாது. கலீனா உருவானதும் அந்த விகிதம் அப்படியே நின்னுடும். நின்னுபோன கடிகாரம் மாதிரி! அதிலிருந்து தோராய வயசு மட்டுமல்ல, ஈயம் மேன்டிலிலிருந்து வந்ததா, பழைய மேலோட்டிலிருந்தா என்றும் ஊகிக்கலாம்.

ஆனால் இந்தப் பாறைகள் 700 டிகிரிக்கு மேல் வெந்தவை. அந்தச் சூட்டில் சிர்கானைச் சுற்றிப் புது ஓரம் வளரும். தாதுவும் இடம் மாறலாம். சிர்கானின் ஓரம் சொல்வது பாறை வெந்த காலம். கலீனா சொல்வது ஈயம் யுரேனியத்தை விட்டுப் பிரிந்த காலம். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்லை.