கூட்டத்தில் ஒருவன்... இரண்டாவது ரவுண்டு!



போன பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவனுக்கு இந்தப் பரீட்சையில் என்ன கஷ்டம் தெரியுமா? அதைவிடக் கூடுதலாக வாங்கியாக வேண்டும்! இல்லாவிட்டால், ‘என்னடா, இறங்கிட்டே?’ என்று வீட்டில் கேட்பார்கள். கார்ட்டூன் தொடர்களுக்கும் இதே கதிதான். முதல் சீசன் ஹிட்டாகிவிட்டால், இரண்டாவது சீசனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள் ரசிகர்கள்.

இதற்குப் பல தொடர்கள் ஒரே வழியைத்தான் பிடிக்கின்றன. வில்லனைப் பெரிதாக்கு, சண்டையை நீளமாக்கு, ஹீரோவுக்குப் புதுசாக ஒரு சக்தி கொடு. அவ்வளவுதான்! ஆனால், ‘மாப் சைக்கோ 100’ என்ற ஜப்பானிய அனிமே வேறு வழியில் போனது. ஆவி, பேய், அதிரடி எல்லாம் கலந்த தொடர் இது. முதல் சீசன் 2016ல் 12 பகுதிகளாக வந்தது. இரண்டாவது சீசன் 2019 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 13 பகுதிகளாக வந்தது. 2022ல் மூன்றாவது சீசனுடன் கதை முடிந்தது. நாம் இன்று மார்க் போடப்போவது அந்த இரண்டாவது சீசனுக்கு!

யார் இந்த மாப்?

பெயர் ஷிகேயோ காகேயாமா. 14 வயது. எட்டாம் வகுப்பு. கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டியதுபோல் கிராப். எல்லோரும் ‘மாப்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சினிமாவில் ஹீரோவுக்குப் பின்னால் சும்மா நடந்து போகிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று அர்த்தம்! படிப்பு சுமார். ஓட்டம் அதைவிட சுமார்.

ஆனால், கையால் தொடாமலே ஒரு கட்டடத்தைத் தூக்கிவிடுவான். அவன் மனதில் கோபமோ துக்கமோ ஏற ஏற, திரையில் சதவீதம் ஓடும். 100 ஆனால் வெடித்துவிடும்! அதனாலேயே அவன் எல்லா உணர்ச்சியையும் அடக்கி அடக்கி, சிரிக்கக்கூட மறந்தவன்போல இருக்கிறான். இது முதல் சீசன். ‘சரி, இப்படியே அடக்கிக்கொண்டு இருந்தால் போதுமா?’ என்று கேட்பது இரண்டாவது சீசன்.

கிழிந்த காகிதங்கள்

முதல் பகுதியே இதற்கு சாட்சி. எமி என்ற பெண் ரகசியமாக ஒரு நாவல் எழுதுகிறாள். கூட இருப்பவர்கள் அதைக் கேலி செய்து, கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். எமியோ, ‘அது ஒன்றும் பெரிய விஷயமில்லை’ என்பதுபோல் நிற்கிறாள். உள்ளுக்குள் எப்படி இருந்திருக்கும்? உங்கள் டிராயிங் நோட்டை யாராவது கிழித்திருந்தால் உங்களுக்குத் தெரியும்.

மாப் என்ன செய்கிறான்? யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தரையில் மண்டியிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறான். அப்புறம் தன் சக்தியால் அத்தனை துண்டுகளையும் ஒட்டி, முழுக் காகிதங்களாக்கிக் கொடுக்கிறான். இத்தனை பெரிய சக்தியை வைத்துக்கொண்டு அவன் செய்யும் அருமையான வேலை இதுதான்!

உப்பு மந்திரவாதி

மாப்புக்கு ஒரு குரு உண்டு. பெயர் ரெய்கென். பேய் ஓட்டுவதாகச் சொல்லி ஆபீஸ் வைத்திருக்கிறார். ஆனால், அவருக்கு சக்தி கிடையாது! சமையல் உப்பை அள்ளி வீசுவார். ‘தோளில் பேய் உட்கார்ந்திருக்கிறது’ என்று வருபவர்களுக்குத் தோள் பிடித்துவிட்டு அனுப்புவார். நிஜப் பேய் வந்தால் மாப்பைக் கூப்பிடுவார். அதற்குச் சம்பளம் மணிக்கு 300 யென். ரொம்பக் குறைச்சல்!

6, 7ஆம் பகுதிகளில் குருவும் சிஷ்யனும் பிரிகிறார்கள். நினைத்த நேரத்தில் எல்லாம் கூப்பிட்டால் எப்படி? தனக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள் என்கிறான் மாப். அந்த நண்பர்களைப் பற்றி ரெய்கென் புண்படும்படி பேசிவிடுகிறார். மாப் வருவதை நிறுத்திவிடுகிறான். அதன்பின் ரெய்கென் டி.வி.யில் பிரபலமாகி, அதே டி.வி.யில் மாட்டிக்கொண்டு, ஊரே சிரிக்கும்படி ஆகிறது. நிருபர்கள் சுற்றி நின்று கேள்விமேல் கேள்வி கேட்கும்போது, அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சின்னப் பையனாக வந்து நின்ற மாப்தான் நினைவுக்கு வருகிறான்.

அப்புறம் என்ன ஆகிறது? அதை நான் சொல்லமாட்டேன். பெரிய சண்டை எதுவும் இல்லாத இந்த இரண்டு பகுதிகள்தான் இந்த சீசனிலேயே ஒசத்தி என்று மட்டும் சொல்கிறேன். ‘ஸாரி’ சொல்வது, எதிரியை அடிப்பதைவிடக் கஷ்டம் என்பது இதில் நன்றாகப் புரியும்.

எல்லாம் பிடுங்கப்பட்டால்?

இந்த சீசனில் நிஜமாகவே பயமுறுத்துபவன் மொகாமி. உயிரோடு இருந்தபோது டி.வி.யில் புகழ்பெற்ற மாந்திரீகன். தாயின் நோய்க்குப் பணம் தேவைப்பட, தன் சக்தியைத் தப்புக் காரியங்களுக்கு விற்றவன். செத்தபின் கெட்ட ஆவியாகி, மினோரி என்ற பெண்ணின் உடம்பில் புகுந்துகொள்கிறான்.

மாப்பை அவன் தன் மாய உலகத்துக்குள் அடைக்கிறான். அங்கே மாப்புக்கு சக்தி இல்லை. நண்பர்கள் இல்லை. குரு இல்லை. பள்ளியில் தினமும் அடியும் கேலியும். இப்படியே ஆறு மாதம்! ‘நல்லவர்கள் கிடைக்காமல் போயிருந்தால் நீயும் என்னைப் போலத்தான் ஆகியிருப்பாய்’ என்பது மொகாமியின் வாதம்.

சட்டென்று பதில் சொல்ல முடியாத கேள்வி, இல்லையா? மாப் அதை மறுக்கவில்லை. தனக்குள் இருக்கும் நல்ல குணம், தான் சந்தித்த மனிதர்கள் தந்தது என்று உணர்கிறான். அதனால்தான் அடுத்தவருக்கும் அப்படி ஒருவனாக இருக்க நினைக்கிறான். ‘ஹீரோவுக்குப் புது சக்தி’ என்றால் இதுதான் புது சக்தி!

படம் எப்படி?

மூலக்கதையை 2012 முதல் 2017 வரை காமிக்ஸாக வரைந்தவரின் புனைபெயர் ‘ஒன்’. ‘ஒன் பன்ச் மேன்’ கதையும் இவருடையதே. இவர் கோடுகள் கோணல்மாணலாக, நாம் ரஃப் நோட்டில் கிறுக்கியதுபோல இருக்கும். இதைப் படமாக்கிய ‘போன்ஸ்’ ஸ்டுடியோ, அந்தக் கோணலை அழகுபடுத்திக் கெடுக்கவில்லை. இயக்குநர் யூசுரு தச்சிகாவா, உருவங்களை வடிவமைத்த யோஷிமிச்சி கமேடா இருவரும் அந்தக் கிறுக்கலையே ஓடவும் பறக்கவும் வைத்தார்கள். மொகாமியுடன் சண்டை வரும் 5ஆம் பகுதியில் கோடுகள் உருகும், கிழியும், சிதறும். அடேங்கப்பா!

இன்னொரு விஷயம். மியோ சாதோ என்ற கலைஞர் இந்தத் தொடருக்காகக் கண்ணாடிமீது பெயின்ட்டால் வரைந்தார். வரைந்து ஒரு போட்டோ, கொஞ்சம் துடைத்து மாற்றி வரைந்து இன்னொரு போட்டோ... இப்படிச் சேர்த்தால் ஓவியம் அசையும். பழைய படம் அழிந்துவிடுவதால், தப்பு செய்தால் திரும்பிப் போகமுடியாது!

குறையே இல்லையா?

இருக்கிறது. 9ஆம் பகுதியிலிருந்து ‘க்ளா’ என்ற கும்பலுடன் போர். வரிசையாகப் புதுப்புது ஆட்கள் வருகிறார்கள். பெயர் மனதில் பதிவதற்குள் தோற்றுப் போகிறார்கள். முதல் சீசன் பார்க்காதவர்கள் இங்கே திணறுவார்கள். நடுவே செரிசாவா வருவது மட்டும் ஆறுதல். தன் சக்திக்குத் தானே பயந்து வருடக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர், குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்! கடைசிச் சண்டை நீளம்தான். ஆனால், வில்லன் சுசுகி தன் சக்தி தாங்காமல் வெடிக்கப்போகும்போது, மாப் ஓடிப்போகாமல் அவன் பக்கத்திலேயே நிற்கிறானே... அது அந்த நீளத்தை மன்னிக்க வைக்கிறது.

இன்னொன்று: மொகாமி வரும் பகுதிகளும், 8ஆம் பகுதியின் கடைசிக் காட்சியும் ரொம்பவே கலங்கவைக்கும். எனவே பெரிய வகுப்புப் பிள்ளைகள் மட்டும், அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். வாண்டுகளுக்கு வேண்டாம்.

ராங்க் கார்டு

கதை: 9/10
படம்: 10/10
சண்டை: 8/10
சிரிப்பு: 8/10
புது ஆளுக்குப் புரியுமா: 5/10
மொத்தம்: 40/50. முதல் வகுப்பில் பாஸ்!

இனி எந்தத் தொடரின் இரண்டாவது சீசனைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள் குட்டீஸ். ‘வில்லன் பெரிதாகிவிட்டான், சரி. ஹீரோவின் மனசு பெரிதானதா?’ மாப் மாரத்தானில் முதல் பத்துக்குள் வர ஆசைப்பட்டான், முடியவில்லை. தேர்தல் மேடையில் வாய் திறக்காமல் ஐந்து நிமிடம் நின்றான். ஆனாலும், கிழிந்த காகிதத்தைப் பொறுக்கிக் கொடுத்தது அவன் ஒருவன்தான். துண்டுகளை ஒட்டுவதற்குத்தான் மந்திர சக்தி தேவை. குனிந்து பொறுக்குவதற்கு? அது உங்களாலும் முடியும்!