மறுபடியும் எட்டு நாள் விடுப்பு

பல்கலைக்கழக ஊழியர்களின் நலவாழ்வு என்றதும் பலருக்கு விரிவுரையாளர்களின் மன அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ஆய்வுக் கட்டுரை, மானியம், மாணவர் மதிப்பீடு, பதவி உயர்வு என்று அவர்களை நெருக்கும் சுமை உண்மையானது. ஆனால் அவர்கள் வகுப்புக்கு வருமுன்பே ஒருவர் அந்த வகுப்பறையைக் கூட்டித் துடைத்திருக்கிறார். இன்னொருவர் இரவு முழுக்க வாசலில் காவல் இருந்திருக்கிறார். இவர்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் செபராங் ஜெயாவில் குடியிருப்பவள். பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் கிராணி வேலை. எங்கள் வட்டாரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே பெர்மாத்தாங் பாவ்வில் யூஐடிஎம் வளாகம் இருக்கிறது. தெற்கே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். பினாங்குத் தீவுக்குச் செல்லும் 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்தால், 1969-இல் தொடங்கிய அதே பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம். நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. துப்புரவையும் காவலையும் குத்தகைக்கு விட்ட எந்த இடத்துக்கும் நான் சொல்வது பொருந்தும்.

எங்கள் பிரிவின் நலவாழ்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் செனாம்ரோபிக் உடற்பயிற்சி, அவ்வப்போது மனநலப் பேச்சு, ஆண்டுதோறும் மண்டபத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை. அறிவிப்பெல்லாம் மின்னஞ்சலில் போகும். எங்கள் மாடியைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு அலுவலக மின்னஞ்சல் கிடையாது; அவர் குத்தகை நிறுவனத்தின் ஆள். பரிசோதனைக்கு மேசைகளை விரித்துப் போட்டவர் அவர்தான். ஆனால் அதே மேசையில் கையை நீட்டி உட்கார அவருக்கு அழைப்பில்லை.

பரிசோதனைக்கு அழைத்துவிட்டால் மட்டும் போதுமா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்து 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தியான வகுப்பு, மனத்திடப் பயிற்சி, நலவாழ்வுச் செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்களின் மனநலம், சேராதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. தொண்டு வேலை ஒன்றுதான் விதிவிலக்கு. வேலை அமைந்திருக்கும் முறையைத் திருத்தாமல் ஊழியரின் மனத்தை மட்டும் திருத்த முயல்வதால் வரும் பலன் சொற்பம் என்பதே அந்த ஆய்வு உணர்த்துவது.

வேலை அமைப்பு உடம்பையே தின்னும் என்பது முன்பே தெரிந்ததுதான். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஆண் ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உயர்நிலை அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தும் அந்த இடைவெளி முழுவதும் மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டியது: தன் வேலையில் தனக்குப் போதிய அதிகாரம் இல்லாத நிலை.

அதிகாரமின்மை நம் ஊரில் எப்படி இருக்கும் என்று அறிய விடுப்புக் கணக்கைப் பார்த்தால் போதும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை 12 நாள். அதற்குமேல் 16 நாள். மருத்துவ விடுப்பும் அப்படியே 14, 18, 22 நாள் என்று ஏறும். குத்தகை கைமாறியதும் புதிய நிறுவனம் அதே ஆட்களைப் புதியவர்களாக வேலைக்கு எடுக்கிறது. அதே மாடி, அதே வாளி. ஆனால் பத்து ஆண்டு உழைத்த அக்காவுக்கு மறுபடியும் எட்டு நாள்தான். முழங்கால் வலியோடு வயது ஏற ஏற, ‘எம்சி’ எனும் மருத்துவ விடுப்பு எடுக்கும் உரிமை குறைந்துபோகிறது. அடுத்த குத்தகையில் தன்னை எடுப்பார்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இந்தக் கவலைக்கு எந்தச் செனாம்ரோபிக்கும் மருந்தாகாது. அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இதே நிலையில் உள்ள குத்தகைத் தொழிலாளர்களோடு சேர்ந்து மலேசிய சோசலிசக் கட்சி பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது.

“அவர்கள் எங்கள் ஊழியர் அல்லர்” என்று ஒதுங்குவதும் இனி எளிதல்ல. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்று கட்டளையிடும் முதன்மை நிறுவனம், குத்தகையாளரின் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு அளிக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அது. வேலையிடம் மனிதரின் உடல் தேவைக்கும் உளத் தேவைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

தொழிலாளர்களும் தங்கள் உரிமைகளை அறிந்திருக்க வேண்டும். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 2023 முதல் இது சட்டம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையில், பாலத்தில் மோட்டாரில் போகும்போது விபத்து நேர்ந்தாலும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு. சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. டெண்டர் தாளில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: ஏற்கனவே வேலையில் இருப்பவர்களை முதலில் எடுக்க வேண்டும், அவர்களின் பழைய சேவை ஆண்டுகளை விடுப்புக்குக் கணக்கிட வேண்டும். மாடிப்படிக்கு அடியில் அட்டையை விரித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மேசை, நாற்காலி, மின்விசிறியோடு ஓய்வறை தரலாம். சுகாதாரப் பரிசோதனைக்கு அவர்களை நேரில் அழைத்து, அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடலாம். நலவாழ்வுக் குழுவில் அவர்களில் ஒருவருக்கு இடம் தரலாம்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். ஒரு கல்விக்கூடம் எதை மதிக்கிறது என்பதை மாணவர்கள் சுவரில் மாட்டிய கொள்கை வாசகத்தைப் பார்த்து அல்ல, துடைப்பம் பிடித்தவரை அது நடத்தும் விதத்தைப் பார்த்தே கற்கிறார்கள். டெண்டர் தாளில் அந்த நிபந்தனை இடம்பெறும்வரை, எங்கள் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்பேன். நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் கேளுங்கள்.