எஞ்சின் கொடுக்கும் கை

அது ஒரு கல்யாண ஹயர். மாப்பிள்ளை வீட்டாரைப் பேராதனையில் ஏற்றிக்கொண்டு கலஹாவுக்கு வருகிறேன். கெம்பஸைத் தாண்டி ஹிந்தகலை வரைக்கும் வண்டி நன்றாகத்தான் வந்தது. ஏத்தம் தொடங்கி முடக்கில் வளைத்தபோது ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி கனத்தது. நேர்ப்பாதையில் ஒன்றுமில்லை, அடுத்த முடக்கில் மறுபடியும் அதே கனம். பானெட்டுக்குள் ஒரு முனகல் வேறு.

வண்டி அப்பா விட்டுப்போன 1983ஆம் ஆண்டு பென்ஸ் 240டி, ஸ்ரீ இலக்கம். மறுநாள் கண்டியில் ஒரு கராஜில் காட்டினேன். திறந்தும் பார்க்காமல் "பவர் பம்ப் முடிஞ்சுது, மாத்தணும்" என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இப்படிப்பட்ட வண்டிகளை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தும் புது வண்டி எல்லாருக்கும் எட்டுகிற விலையில் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பவர் ஸ்டியரிங் என்பது எஞ்சின் நமக்குக் கொடுக்கும் கை. எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஒயிலை அழுத்தி ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. நாம் எந்தப் பக்கம் வளைக்கிறோமோ அந்தப் பக்கமாக ஒயில் தள்ளிக்கொடுக்கிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1926இலேயே இதைக் காரில் பூட்டி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியல் காரில்.

மலைநாட்டுக்காரர் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. கொண்டை ஊசி முடக்கில் வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் சுற்று குறையும், பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். சக்கரத்தைத் திருப்ப அதிக பலம் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். ஆகவே கொழும்புப் பாதையில் ஒளிந்திருக்கும் பழுது கலஹா ஏத்தத்தில் வெளியே வந்துவிடும்.

எங்கள் ஊர் பாஸிடம் கொண்டுபோனேன். "பாஸ் அண்ணே, பம்ப் போயிருச்சாம்" என்றேன்.

"பம்பை விடுங்க தம்பி. டயருக்குக் காத்து எப்ப பார்த்தீங்க?"

முன் டயர் இரண்டிலும் மீட்டர் 20கூடக் காட்டவில்லை. 28ஆவது இருக்கவேண்டும். காற்றடித்ததும் பாதிக் கனம் குறைந்தது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சுற்றச் சொன்னார். சக்கரம் தரையில் படாத நிலையிலும் பிடித்துப் பிடித்துச் சுற்றினால் பழுது மூட்டுகளிலோ பெட்டியிலோ இருக்கிறது. ஒயிலை மாற்றி ஆகப்போவதில்லை. என்னுடையது சீராகச் சுற்றியது. அடுத்து பெல்ட். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் தொய்ந்தது, உள்பக்கம் கண்ணாடிபோல மினுங்கியது. முழுசாக வளைக்கும்போது கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் இதுதான். முனகல் வேறு, அது காற்று.

அந்தக் காற்றையும் கண்ணால் பார்த்தேன். இந்த பென்ஸில் ஒயில் டப்பா பம்பின் மேலேயே இருக்கிறது. மூடியின் நட்டைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் வட்டமான ஃபில்டர். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில் சாயம் கூடிய பிளேன்டீ மாதிரிக் கறுத்து, மேலே நுரை கட்டியிருந்தது. ஃபில்டர் மடிப்பெல்லாம் கறுப்புச் சேறு. ஒயில் மட்டம் இறங்கியதால் பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. ஒயில் போன வழி, அழுத்தக் குழாயின் இணைப்பில் ஒரு கசிவு. அதைத் தேடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கையால் தடவவே கூடாது. ஊசித் துளையில் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பாஸ் ஒரு கார்ட்போர்ட் மட்டையைத்தான் பிடித்துப் பார்த்தார்.

குழாய், ஃபில்டர், பெல்ட் மூன்றையும் மாற்றி, இந்த வண்டிக்குரிய சிவப்பு ஒயிலை, அதாவது ஓட்டோ கியருக்கு ஊற்றுவதை, ஊற்றினோம். அவசரத்துக்கு பிரேக் ஒயிலை ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் ஊதிப் பழுதாகும். காற்று போவதற்கு முன்சக்கரங்களைத் தூக்கியபடியே, எஞ்சினை அணைத்து வைத்து, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை மெதுவாகப் பல தடவை வளைத்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றவேண்டும். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து அதையே இன்னொரு முறை. நுரை நின்றால் வேலை முடிந்தது. கோடியில் வைத்து இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது, பம்ப் சூடேறும். என் பழைய பம்ப் இன்றைக்கும் ஓடுகிறது.

2022இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, தெல்தோட்டைப் பக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டி வந்தவர்களைப் பார்த்தேன். சிலருக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். தயவுசெய்து இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள். இரண்டாம் கியரில் போட்டு இறங்குங்கள்.