கண்ணாடி இழையில் ஒரு பாய்மரப் படகு

கண்ணாடித் தம்ளர் கைதவறி விழுந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே கண்ணாடியை இழையாக்கிச் செய்த பாய்மரப் படகுகளில் பலர் உலகைச் சுற்றி வந்திருக்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கண்ணாடி எளிதில் உடையக் காரணம், அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய விரிசல்களே. மெல்லிய இழையாக இழுக்க இழுக்க, கண்ணாடியின் வலிமை கூடுகிறது என்பதை 1920-இல் ஆங்கில அறிஞர் கிரிஃபித் காட்டினார். அத்தனை மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு ஏது இடம்? ஆனால் இழை மட்டும் இருந்தால் அது துணிதான்; படகாகாது. இழைகளைப் பிணைக்கப் பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசின் வேண்டும்.

முதலில் படகின் வடிவில் ஓர் அச்சு செய்கிறார்கள். அதன் உட்புறம் மெழுகு தேய்த்து, 'ஜெல்கோட்' என்னும் வண்ணப்பூச்சைப் பூசுகிறார்கள். ஆம், படகின் வெளித்தோல்தான் முதலில் உருவாகிறது! அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தூரிகையால் ஊறவைத்து, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். இப்படியே அடுக்கின்மேல் அடுக்கு.

இதில் அவசரமும் உண்டு. ரெசினில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு பெராக்சைடைக் கலந்ததும், ரெசினின் நீண்ட மூலக்கூறுகளை அதில் கரைந்துள்ள ஸ்டைரீன் பாலம்போல் இணைக்கத் தொடங்குகிறது. வெப்பம் வெளிப்படுகிறது. மெல்லியதாகப் பரப்பினால் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். வாளியிலேயே விட்டுவிட்டு அரட்டையடித்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி, ரெசின் புகைந்து கட்டியாகிவிடும். வெயில் நாளில் இன்னும் விரைவு. ஸ்டைரீன் ஆவியும் பெராக்சைடும் தீங்கானவை. முகமூடி, கண்ணாடி, கையுறை இன்றி யாரும் இதைத் தொடக்கூடாது. வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல இது.

1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் 'டிரைட்டன்' என்ற சுமார் 28 அடிப் படகை வைத்தது. குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யத்தக்க இப்படகுகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டன. இப்புதிய பொருள் எவ்வளவு தாங்கும் என்று அன்று யாருக்கும் திட்டமாகத் தெரியாததால், அக்காலப் படகுகளின் சுவரைத் தாராளமாகத் தடிப்பாக்கினார்கள். அவற்றுள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. நம் கடற்கரைகளில் நீங்கள் காணும் 'ஃபைபர் படகு'களும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான்.

சரி, உருளைக்குத் தப்பிய ஒரு குமிழி உள்ளே தங்கிவிட்டால்? அன்று ஒன்றும் தெரியாது. படகு பளபளவென்று கடலில் இறங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஜெல்கோட் வழியே நீர் மெல்லக் கசிந்து, அந்தக் குமிழியில் மிச்சமுள்ள வேதிப்பொருள்களைக் கரைக்கும். உள்ளே செறிவான கரைசல், வெளியே கடல்நீர், நடுவே மெல்லிய தோல்: நீங்கள் பாடத்தில் படித்த சவ்வூடு பரவலேதான்! மேலும் மேலும் நீர் உள்ளே இழுக்கப்பட்டு, படகின் அடிப்பாகத்தில் கொப்புளங்கள் கிளம்பும். பிறகு படகைக் கரையேற்றி, கொப்புளங்களைச் சுரண்டித் திறந்து, நன்னீரால் கழுவி, வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே மீண்டும் பூச முடியும்.