வேலை வாங்கலாம், யோசனையை வாங்க முடியுமா?

நல்ல மேலாளரைப் பற்றிப் பேசும்போது, "ஆட்களிடம் வேலை வாங்கத் தெரிந்தவர்" என்று பாராட்டுவது நம் வழக்கம். பெங்களூரில் முப்பது ஆண்டுகள் இயந்திர வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றிய எனக்கு இந்தப் பாராட்டு பாதி உண்மையாகவே படுகிறது. லேத்தில் நிற்பவரிடம் இன்றைக்கு இத்தனை உருப்படி வேண்டும் என்று கேட்கலாம். மூளையால் உழைப்பவரிடம் நாளைக் காலைக்குள் இரண்டு புது யோசனை வேண்டும் என்று கேட்க முடியுமா?

இத்தகையவர்களுக்கு 'அறிவுப் பணியாளர்' என்ற பெயரைப் பீட்டர் டிரக்கர் வழங்கினார். இவர்களுடைய கருவி தலைக்குள் இருக்கிறது. மாலையில் அதையும் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள்!

நான் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலையில் இளம் பொறியாளர் ஒருவர், ஒரு பாகத்தைப் பற்றவைக்காமல் வளைத்தே செய்யலாம் என்று கூட்டத்தில் சொன்னார். "உமக்குக் கொடுத்த வேலை முடிந்ததா?" என்று கேட்டார் மேலதிகாரி. அதற்குப் பின் அந்தப் பிள்ளை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டில் வேறு இடம் போய்விட்டார். பிறகு அதே யோசனையை வெளி ஆலோசகர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பெற்றோம்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ஏவுகலம் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டுக் கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. கணிப்பொறி எச்சரித்தும் ஏவ முடிவெடுத்தவர் தாமே என்று திட்ட இயக்குநர் அப்துல் கலாம் பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று செய்தியாளர்கள் முன் பொறுப்பை ஏற்றவர், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி வெற்றிகரமாகச் சுற்றுப்பாதை அடைந்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

இதனால் தவறைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று பொருளில்லை. கோளாறு எங்கே என்று துருவி ஆராய்ந்தார்கள். ஆளைத் தேடித் தண்டிக்கவில்லை. இந்த வேறுபாடுதான் முக்கியம். தண்டனைக்கு அஞ்சுபவன் கோளாறை மறைப்பான்; மறைத்த கோளாறு அடுத்த முறையும் வரும்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனம், ஊழியர்கள் தம் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிகளுக்குச் செலவிட அனுமதித்தது. 1968-இல் அங்கே உருவான, சரியாக ஒட்டாத பசை ஒன்று, 1980-இல் 'போஸ்ட்-இட்' ஒட்டுத்தாளாக அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பொறுமை!

நம் சங்க உறுப்பினர்களில் பலர் அலுவலகங்களில் பொறுப்பான நாற்காலிகளில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோப்பில் யோசனை வரும்போது, அதைச் சொன்னவரின் பெயரும் அதில் இருக்கட்டும். கூட்டத்தில் வயதில் இளையவரை முதலில் பேசவிடுங்கள். மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தால், அது உங்கள் மேசையோடு நிற்கட்டும். செலவில்லாத காரியங்கள்தாம் இவை. செய்து பாருங்கள், வாயடைத்துப் போயிருக்கும் யாரோ ஒருவர் மீண்டும் பேசத் தொடங்குவார்.