உமி என்னும் முதல் பை

சென்ற மாதம் வாங்கிய கைக்குத்தல் பச்சரிசிப் பையைப் பிரித்ததும் பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை முகத்தில் அடித்தது. வண்டு இல்லை, பூஞ்சை இல்லை. பையில் அச்சிட்ட கெடு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து வடித்தும் சோற்றில் அந்த வாடை போகவில்லை.

என் பாட்டி வீட்டில் அரிசியைச் சேர்த்து வைக்கும் வழக்கமே கிடையாது. குதிரில் நெல்தான் கிடக்கும். வேண்டும்போது வேண்டிய மரக்கால் அளந்தெடுத்துக் குத்திக்கொள்வார்கள். அது வெறும் பழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசிக்கு இயற்கை போட்ட பை அது. அதற்கடியில் இருக்கும் தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு எண்ணெய். அந்த எண்ணெயைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதே தவிட்டில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அடுக்கில். முழு நெல்லில் இரண்டும் சேர்வதில்லை. உமி உரிந்து தவிடு கீறல்பட்டதுமே இரண்டும் கலக்கின்றன. வாடைக்கான வேலை அந்தக் கணத்தில் தொடங்கிவிடுகிறது.

ஆலைகள் இதற்குக் கண்ட வழி, தவிட்டையே நீக்கிவிடுவது. பட்டை தீட்டிய வெள்ளரிசி மாதக்கணக்கில் சிக்கெடுக்காது. ஆனால் தவிட்டோடு பி1 உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அந்தச் சத்து குறைந்தால் கால் மரத்து, இதயம் தளரும் பெரிபெரி நோய் வரும். 1890களில் ஜாவாத் தீவின் பத்தாவியாவில் வெள்ளரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததையும், தீட்டாத அரிசிக்கு மாறியதும் தேறியதையும் கண்டவர் டச்சு மருத்துவர் எய்க்மன். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கதை பலருக்குத் தெரியும். மலாயாவில் நடந்தது நம்மவர்களின் கதை, அதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. சயாம் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்துகொண்டிருக்க, தமிழ்க் கூலிகளிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. இதைக் கவனித்து எழுதியவர் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃப்ளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்றார்கள், பலர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை.

இரண்டுமே தீட்டிய அரிசிதான். வேறுபாடு அண்டாவில் நடந்தது. உமியோடு நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. மாவுச்சத்து இளகி விரிசல்களை ஒட்டுவதால் ஆலையில் நொய்யும் குறைகிறது. அவியலின் சூட்டில் லைபேஸும் செயலிழக்கிறது. பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறிப் புளித்ததால் வந்த பழைய நாற்றத்துக்கும் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வழி கண்டது. சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் ஊறினாலே போதும் என்று காட்டியது. பெயர் தெரியாத நம் முன்னோரின் இந்த அவிப்பு முறையை உலகின் பெரிய உணவுக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

என் பைக்கு வருகிறேன். அது அவிக்காத, தீட்டாத அரிசி. சத்தில் குறை சொல்ல முடியாது, கெடுவதிலும் அதற்கு ஈடில்லை. அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் விழும் அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் எண்ணெய் இன்னும் விரைவாகக் காறும். காற்றை உறிஞ்சி எடுத்த பை நிச்சயம் மேல், அதில் வண்டும் மூச்சு முட்டிச் சாகும். ஆனால் லைபேஸ் வேலை செய்யக் காற்றே தேவையில்லை. உமி நீக்கி ஒரு மாதம் மூட்டையில் கிடந்த அரிசியை எவ்வளவு நல்ல பையில் அடைத்தாலும், அதற்குள் நடந்து முடிந்ததைப் பை திருப்பித் தராது.

இப்போது கைக்குத்தல் அரிசியைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கிறேன். அன்றாடச் சோற்றுக்கு அதிகம் தீட்டாத புழுங்கல். கடைக்குப் போனால் பையைத் திருப்பிப் பார்க்கிறேன். பொட்டலமிட்ட தேதி எல்லாவற்றிலும் இருக்கிறது. உமி நீக்கிய தேதியை இதுவரை ஒரு பையிலும் பார்க்கவில்லை.