டிவிஆருக்கு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: எத்தனை நாள் காட்சி உங்கள் கையில் இருக்கும்?

“சிசிடிவி இருக்கே, பார்த்துக்கலாம்.” வீட்டிலோ கடையிலோ ஒரு பொருள் காணாமல் போனால் நாம் முதலில் சொல்வது இதுதான். ஆனால் திருட்டு நடந்ததே பத்து நாள் கழித்துத் தெரிய வந்தால்? பள்ளி விடுமுறைக்குக் கம்பத்துக்குப் போய்த் திரும்பும்போதோ, மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணும்போதோதான் பல சமயம் விஷயம் வெளியே வரும். அப்போது டிவிஆரைத் திறந்தால் அந்த நாளின் பதிவே இருக்காது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய காட்சியை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதுவதுதான் டிவிஆரின் வழக்கம்.

உங்கள் டிவிஆர் நிலவரத்தை இப்போதே பார்த்துவிடலாம். பிளேபேக் மெனுவில் நாட்காட்டி இருக்கும். பதிவு உள்ள தேதிகளில் மட்டும் அடையாளம் தெரியும். ஆகப் பழைய தேதி எது என்று பாருங்கள். பலருக்கு அங்கேயே தூக்கிவாரிப் போடும்.

கணக்கு எப்படி?

1080பி தரத்தில் ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. நான்கு கேமரா என்றால் 172.8 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. அதோடு 4 டிபி ஒன்றைச் சேர்த்தால் ஏறக்குறைய 29 நாள் கிடைக்கும்.

காசு செலவழிக்கும் முன் செட்டிங்கை ஒரு தடவை பாருங்கள். எச்.264-க்குப் பதிலாக எச்.265 முறையில் பதியும் வசதி இருந்தால், ஏறக்குறைய அதே தரத்துக்குப் பாதி இடம் போதும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியும் முறையும் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சாலையைப் பார்த்தபடி இருக்கும் கேமராவுக்கு இது அவ்வளவாக உதவாது. அங்கே எந்நேரமும் ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டுதான் இருக்கும்.

எந்த ஹார்ட் டிஸ்க்?

இந்த இடத்தில் சுங்கை வே பற்றி ஒரு வார்த்தை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில், சுங்கை வே தடையற்ற தொழில் மண்டலத்தில் பல ஆண்டுகள் ஹார்ட் டிஸ்க் தயாரித்தது. கணினிகள் எஸ்எஸ்டிக்கு மாறி, ஹார்ட் டிஸ்க் தேவை குறைந்ததால், 2019 இறுதிக்குள் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. ஃபேக்டரி பஸ் ஏறி அந்தப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போன அம்மாவோ சித்தியோ உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மடிக்கணினியை விட்டுப் போன ஹார்ட் டிஸ்க், சிசிடிவியை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு டிபிக்கு ஆகும் விலை எஸ்எஸ்டியைவிடக் குறைவு என்பதுதான் முக்கியக் காரணம். ஆனால் பழைய கணினியிலிருந்து கழற்றியதை மாட்டிவிடலாம் என்று நினைக்காதீங்க. டிவிஆர் 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன அதே அளவில் எட்டு கேமரா ஓடினால் ஆண்டுக்கு 126 டிபி எழுதப்படும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை. ஆண்டுக்கு 180 டிபி வரை தாங்கும் வகைகள் அவற்றில் கிடைக்கின்றன.

மாட்ட இடம் இருக்கா?

வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள், அல்லது மாடல் எண்ணை வைத்துக் கையேட்டைத் தேடுங்கள். சாட்டா இணைப்பு எத்தனை, ஒவ்வொன்றும் அதிகபட்சம் எத்தனை டிபியை ஏற்கும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். வீடுகளில் இருக்கும் 4 சேனல், 8 சேனல் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு சாட்டா இணைப்புதான். மின்சார ஒயரைப் பிரித்து இரண்டுக்குக் கொடுக்கலாம், டேட்டா ஒயரை அப்படிச் சும்மா பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு, இருப்பதை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றைப் போடுவதே சரி.

இரண்டு இணைப்பு இருந்தாலும் அடாப்டரைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டர் சிறியதாக இருந்தால் டிவிஆர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். சூடும் கூடும். அலமாரிக்குள் துணிக்கு நடுவில் டிவிஆரை ஒளித்து வைத்திருப்பவர்கள் அதை முதலில் வெளியே எடுங்கள்.

‘இனிஷியலைஸ்’ அழுத்தும் முன்

மாட்டுவது பத்து நிமிட வேலை. மெனுவில் முறையாக ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, ஒயர்களைச் சொருகி, நான்கு திருகாணிகளை முடுக்கினால் போதும். ஆபத்து அதற்குப் பிறகுதான். ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் பட்டியலில் புதியது ‘தயார் செய்யப்படாதது’ என்று காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் செய்ய வேண்டும். பழையதைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தால் இருக்கிற பதிவெல்லாம் போச்சு. அதனால் தேவையான காட்சிகளை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கொள்ளளவைப் பார்த்து எது புதியது என்று உறுதிப்படுத்திய பிறகு அழுத்துங்கள். டிவிஆரின் டிஸ்க்கைக் கணினியில் மாட்டி, அது “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

இரண்டாவது டிஸ்க் என்பது பேக்கப் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சாதாரண டிவிஆர் ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்குப் போகும், அவ்வளவுதான். ஒரே காட்சி இரண்டிலும் இருக்காது. ஒன்று பழுதானால் அதில் இருந்த நாட்கள் போனதுதான். ரெய்டு முறையில் இரண்டிலும் ஒன்றாக எழுதும் வசதி பெரும்பாலும் விலை கூடிய பெட்டிகளில்தான் உண்டு.

ஆகவே சம்பவம் நடந்தது தெரிந்ததும் அந்த நேரத்துக் காட்சியைத் தனியாக நகலெடுத்துவிடுங்கள். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களை நீதிமன்றம் ஏற்க வழிசெய்கிறது. சிசிடிவி பதிவுகளும் இதன் கீழ்தான் சாட்சியமாகின்றன. போலீஸ் புகார் கொடுக்கும்போது நகலைக் கொடுத்தாலும், மூலப் பதிவு டிவிஆரில் இருக்கும்வரை அதைத் தொடாமல் வையுங்கள். மூடியைத் திறந்த அன்றே டிவிஆரின் கடிகாரத்தையும் கைப்பேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள். மெயின்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அது ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும்.